வேலையை விடாமல் செவிலியர் படிப்பு: விதி, நேரம், உறக்கம்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

“வேலையை விடாமல் நர்சிங் படிக்க முடியுமா?” என்று கேட்பவர்கள் மூன்று வகையினர். முதல் வகையினர் ஜவுளிக்கடையிலோ கால் சென்டரிலோ வேலை பார்த்துக்கொண்டு, புதிதாகச் செவிலியர் ஆக நினைப்பவர்கள். இரண்டாம் வகையினர் ஏ.என்.எம். படித்துவிட்டுக் கிராம சுகாதார செவிலியராகவோ நர்சிங் ஹோம் பணியாளராகவோ இருந்துகொண்டு, அடுத்த படிக்கு ஏற வழி தேடுபவர்கள். மூன்றாம் வகையினர் ஜி.என்.எம். பட்டயம் பெற்று, கவுன்சிலில் பதிவு செய்து, வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக நிற்பவர்கள். பட்டம் இல்லாததால் ஆசிரியப் பணியும் மேற்படிப்பும் இவர்களுக்கு எட்டாமல் இருக்கின்றன.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்வதுதான் வழக்கம். மனம் வைத்தால் எதுவும் முடியும், அதிகாலையில் எழுந்து படியுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள் என்பார்கள். இந்த அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. டியூட்டி பட்டியலை யார் எழுதுகிறார், பயிற்சி மணிநேரத்துக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே ஒருவர் படிப்பை முடிப்பாரா, பாதியில் விடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. படிப்பவரின் மன உறுதிக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அது சிறிய பங்கு. தமிழ்நாட்டு நிலையை மையமாக வைத்து, பிரிட்டன், அமெரிக்கா, இலங்கை ஏற்பாடுகளை ஒப்பிட்டு இக்கருத்தை நிறுவ முயல்கிறேன்.

2. மாணவியே பணியாளராக இருந்த காலம்

படிப்பும் வேலையும் தனித்தனி என்ற எண்ணம் செவிலியர் தொழிலில் பிந்தி வந்தது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நிதியத்தின் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, சேர்ந்த பெண்களுக்குத் தங்குமிடமும் உணவும் சீருடையும் தந்து, ஆண்டுக்கு 10 பவுண்டும் கொடுத்தார்கள். அவர்கள் பகலெல்லாம் வார்டில் உழைத்தார்கள். மிஞ்சிய நேரத்தில் பாடம் கேட்டார்கள். இந்த முறை உலகெங்கும் பரவியதற்கு அதன் கல்வித் தரம் ஒரு காரணம். மருத்துவமனைகளுக்கு மலிவான ஆள் கிடைத்தது இன்னொரு காரணம். பெரிய காரணம் இதுவே என்பேன்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியதும், வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி அமைந்ததும் இந்தப் பயிற்சிமுறை பரவிய காலத்தில்தான். 1926இல் மதராஸ் செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் வந்து பதிவு முறைப்பட்டது. 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கியபோதுதான், செவிலியர் மாணவி என்பவர் முதன்மையாக மாணவி என்ற நிலை இந்தியாவில் வேரூன்றத் தொடங்கியது. அதே ஆண்டு வெளிவந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கைப்படி, அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் இருந்தார். அவ்வளவு பற்றாக்குறை உள்ள நாட்டில் மாணவியை வார்டிலிருந்து விலக்கி வகுப்பில் உட்கார வைப்பது எளிதான முடிவாக இருந்திருக்காது.

அமெரிக்காவில் இந்தச் சுரண்டலை வெளிப்படையாகப் பேசியது 1923இன் கோல்ட்மார்க் அறிக்கை. மருத்துவமனையின் வேலைத் தேவைக்காக மாணவியின் கல்வி பலியாகிறது என்பது அதன் சாரம். பிரிட்டன் இன்னும் பொறுமையாக நடந்தது. 1980களின் இறுதியில் ‘புராஜெக்ட் 2000’ என்ற சீர்திருத்தம் வரும்வரை, அங்கே பயிற்சி மாணவர் சம்பளம் வாங்கினார். வார்டின் ஆள் எண்ணிக்கையிலும் சேர்க்கப்பட்டார். சீர்திருத்தத்துக்குப் பிறகு மாணவரை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றானது. கூடவே சம்பளமும் போய், அதன் இடத்தில் உதவித்தொகை வந்தது. இங்கிலாந்தில் 2017இல் அந்த உதவித்தொகையையும் எடுத்துவிட்டுக் கல்விக்கடனைக் கைகாட்டினார்கள். 2020 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண்டு மானியமாக ஓரளவு திரும்பி வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று உண்டு. மாணவியை உழைப்புச் சுரண்டலிலிருந்து மீட்ட அதே சீர்திருத்தம், அவள் கையில் இருந்த வருமானத்தையும் எடுத்துக்கொண்டது. வீட்டில் வசதி உள்ளவளுக்கு இது விடுதலை. வசதி இல்லாதவள் வெளியே வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. படித்துக்கொண்டே முழுநேர வேலை பார்ப்பது என்ற இன்றைய சிக்கல் பிறந்தது இங்கேதான்.

3. இந்திய விதிகள் சொல்வது

இந்தியச் செவிலியர் கவுன்சிலின் ஏற்பாட்டில் ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பட்டயம் முடித்தவர் பட்டம் பெற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டு. 2021இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. பாடத்திட்டம் பருவமுறையில் அமைந்தது. பருவத்துக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணிநேரம் என்ற கணக்கில் ஓடுகிறது. தேர்வு எழுதத் தியரியிலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் கையில் கிடைப்பதற்குள் கிளினிக்கல் பயிற்சியில் 100 விழுக்காடு வருகை முடிந்திருக்க வேண்டும். விடுபட்ட நாளைத் திரும்பச் செய்து ஈடுகட்டியே ஆகவேண்டும். பல கல்லூரிகள் விடுதியில் தங்குவதையும் கட்டாயமாக்குகின்றன. முதல் உரிமத்துக்கான படிப்பில் மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு திருட்டு வழியும் இருக்கிறது. “நான்-அட்டெண்டிங்” என்று தரகர்கள் சொல்வது அதைத்தான். பணம் கட்டினால் போதும், வருகைப் பதிவையும் லாக் புக்கையும் அவர்களே நிரப்பிவிடுவார்கள். தேர்வு நாட்களில் மட்டும் போய் உட்கார வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் மருத்துவமனையோ ஆசிரியரோ இல்லாமல் காகிதத்தில் மட்டும் இருந்த நர்சிங் கல்லூரிகள் பற்றி உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சிபிஐ விசாரணை நடந்தது. ஆய்வுக்குப் போன அதிகாரிகளில் சிலரே லஞ்சப் புகாரில் 2024இல் கைதானார்கள். இந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர் யார் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. வேலையை விட முடியாதவர்கள் அதில் ஒரு பகுதி. நேர்மையான பகுதிநேர வழி இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தரகரிடம் போயிருப்பார்கள்?

இரண்டாம் வகையினரின் நிலை இன்னும் மோசம். ஏ.என்.எம். முடித்து ஒரு துணை சுகாதார நிலையத்தில் பத்து ஆண்டு தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கண்காணித்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர் ஜி.என்.எம். சேர விரும்பினால் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். அவர் அனுபவத்துக்குச் சேர்க்கைத் தகுதியில் இடம் உண்டு; பாடத்தில் ஒரு மணிநேரக் கழிவுகூடக் கிடையாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற செயல்முறைச் செவிலியர் ஒருவர் பதிவுச் செவிலியர் ஆவதற்கு இணைப்புப் படிப்புகள் உண்டு. பழைய பாடங்களில் ஒரு பங்குக்கு அங்கே கணக்கு கிடைக்கிறது. நம்மிடம் ஏணி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் இறங்கித் தரையைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும்.

மூன்றாம் வகையினருக்கு மட்டும் ஒரு நேர்வழி திறந்தது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1990களில், பணியில் இருக்கும் பதிவுபெற்ற செவிலியருக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் தொடங்கியது. கல்லூரியில் இரண்டு ஆண்டில் முடிவது இங்கே குறைந்தது மூன்று ஆண்டு. தியரியை அச்சுப் பாடநூல் வழியே வீட்டில் படிக்கலாம். செய்முறைக்குக் குறித்த மையத்துக்குப் போக வேண்டும். அதே பத்தாண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பணியிலுள்ள தாதிய உத்தியோகத்தர்களுக்காக இதையொத்த பட்டப்படிப்பைத் தொடங்கியது. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. நீட்டிக் கொடுத்தால் வேலையும் படிப்பும் ஒத்துப்போகும் என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள சான்றுகள் இவை.

4. வாரத்தின் கணக்கு

வாரத்துக்கு 168 மணிநேரம். ஆறு நாள் வேலைக்கு 48, கல்லூரிக்கு 40. நாளைக்கு ஏழு மணிநேரம் தூங்கினால் 49. மிச்சம் 31. வேலைக்கு ஆறு நாளும் கல்லூரிக்கு ஐந்து நாளும் போய்வர ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணிநேரம் என்று வைத்தால் பதினாறரை மணிநேரம் பேருந்தில் போகும். எஞ்சுவது பதினாலரை மணிநேரம், அதாவது நாளைக்கு இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல். குளிக்க, சமைக்க, சாப்பிட, துணி துவைக்க, பிள்ளையைப் பார்க்க, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க, அதற்குமேல் ஃபார்மகாலஜி படிக்க, கேர் பிளான் எழுத இந்த நேரம் போதாது. படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் மாணவரின் வாரத்தில் மாமியாரின் மாத்திரை பெரும்பாலும் வராது.

ஆகவே எதையாவது வெட்ட வேண்டும். வேலையை வெட்டினால் கட்டணம் கட்ட முடியாது. கல்லூரியை வெட்டினால் வருகை குறையும். எல்லோரும் வெட்டுவது உறக்கத்தைத்தான்.

5. உறக்கம்: நோயாளியின் பக்கமிருந்து

இதுவரை பேசியது மாணவியின் சிரமம். செவிலியர் படிப்பை வணிகவியல் படிப்பிலிருந்து வேறுபடுத்துவது, இங்கே தூக்கம் கெட்டால் விலை கொடுப்பது இன்னொருவர் என்பதுதான்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று காட்டினார்கள். 24 மணிநேரத்தில் அது 0.10 விழுக்காட்டுக்கு நிகராகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு.

இதை ஒரு நாளின்மேல் வைத்துப் பார்க்கலாம். காலை 6 மணிக்கு எழுந்து, 9 முதல் 4 வரை கல்லூரியில் இருந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, இரவு 8 மணிக்கு நைட் டியூட்டி ஏறுகிறார் ஒரு பெண். ஹேண்ட்ஓவர் வாங்கி, இரவு மருந்தைக் கொடுத்து முடித்து அவர் மேசைக்கு வரும்போது மணி 11. விழித்து 17 மணிநேரம் ஆயிற்று. சாலையில் பிடித்தால் வழக்கு போடும் நிலையைத் தாண்டிய நிதானத்தோடு, அவர் 500 மில்லி சலைனை எட்டு மணிநேரத்தில் ஏற்றக் கணக்குப் போடுகிறார். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிடம், நிமிடத்துக்கு 21 சொட்டு. எளிய கணக்குதான். தூக்கக் கலக்கத்தில் எட்டு மணிநேரத்தை நாலு என்று எடுத்துக்கொண்டால் 42 சொட்டு ஆகிவிடும். இதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள அது போதும். விடியற்காலை 6 மணிக்கு அவர் விழித்து 24 மணிநேரம் நிறைகிறது. சர்க்கரை பார்ப்பதும், இரத்த மாதிரி எடுப்பதும், இன்சுலினுக்கு ஆயத்தம் செய்வதும் அந்த நேரத்து வேலைகளே.

படிப்பில் சேராத செவிலியருக்கும் நீண்ட ஷிஃப்ட் ஆபத்துதான். ஆன் ராஜர்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டரை மணிநேரத்துக்கு மேல் நீண்ட ஷிஃப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரிந்தது. வீட்டை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்தின் தியாகத்தை நாம் பாராட்டுவது போல, நைட் டியூட்டி முடித்து நேரே வகுப்புக்கு வரும் பெண்ணையும் பாராட்டுகிறோம். இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வகுப்பு அட்டவணையை அனுமதித்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நாம் கைதட்டுகிறோம்.

6. பார்க்கும் வேலையையே பயிற்சியாகக் கொள்ளலாமா?

“நான் தினமும் வார்டில்தானே இருக்கிறேன், அதையே கிளினிக்கல் மணிநேரமாகக் கணக்கில் எடுத்தால் என்ன?” என்பது மூன்றாம் வகையினரின் கேள்வி. நியாயமான கேள்வி, பாதிதான் நியாயம்.

ஐந்தாண்டாக ஐசியுவில் இருப்பவர் வென்டிலேட்டர் நோயாளியைக் கவனிப்பதில் தன் ஆசிரியரைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் பாடத்திட்டம் கேட்பது அகலம். மருத்துவம், அறுவை, குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் என்று எல்லாத் துறையிலும் போஸ்டிங் முடிய வேண்டும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் ஒரு மனச்சிதைவு நோயாளியிடம் உட்கார்ந்து பேசிப் பழகுவதும், கிராமத்தில் ஒரு குடும்பத்தின் நலக் கோப்பைத் தயாரிப்பதும் ஐசியு டியூட்டியில் வராது. வேலைக்கு வைத்தவர் தெரிந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். தெரியாததைச் செய்ய வைத்து, பக்கத்தில் நின்று திருத்துவது ஆசிரியரின் வேலை. இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஆள் குறைவான நாளில் இரண்டாவதற்கு நேரம் இருக்காது.

ஆகவே முழுக் கழிவு தருவது தவறு. அவர் வேலை பார்க்கும் துறையின் பங்குக்கு மட்டும், திறன் தேர்வு வைத்து, கழிவு தரலாம். மற்றத் துறைகளுக்குப் பணி நேரத்திலேயே மாற்றுப் போஸ்டிங் தரலாம். பெரிய மருத்துவமனைக்கு இதில் பெரிய செலவு இல்லை: ஐசியு செவிலியர் இரண்டு மாதம் குழந்தைகள் வார்டுக்குப் போனால், அங்கிருந்து ஒருவர் இங்கே வரலாம். டியூட்டி பட்டியலைப் படிப்போடு சேர்த்து எழுதும் விருப்பம்தான் வேண்டும். கிளினிக்கல் பயிற்சியின் ஒரு பங்கைச் சிமுலேஷன் ஆய்வகமும் தாங்கும். அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தரமான சிமுலேஷன் கிளினிக்கல் நேரத்தின் பாதிவரை ஈடுசெய்தாலும் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை என்றது. தரமான என்ற சொல்லுக்கு அடிக்கோடு இடவேண்டும்; மூலையில் தூசி படிந்து கிடக்கும் பொம்மையை அந்த ஆய்வு குறிக்கவில்லை.

7. பணம் யாருடையது?

இங்கிலாந்தில் 2017 முதல் பட்டப் பயிற்சிப் பணி என்ற வழி உள்ளது. மருத்துவமனை ஒருவரை ஊழியராக எடுத்து, சம்பளம் கொடுத்து, ஏறத்தாழ நான்கு ஆண்டில் பட்டச் செவிலியராக்குகிறது. அங்கே பதிவுக்குத் தேவையான 4,600 மணிநேரத்தில் பாதி தியரி, பாதி செய்முறை. செய்முறையில் மாணவரை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி இவருக்கும் பொருந்தும். சம்பளம் கொடுத்தும் அந்த நேரத்துக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கிறது. அந்த மாற்று ஆளின் செலவைப் பயிற்சி நிதியிலிருந்து எடுக்க முடியாது என்பதே மருத்துவமனைகளின் முறையீடு. ஏற்பாடு நல்லது, விரைவாகப் பரவத் தடையாக இருப்பது செலவு. அமெரிக்காவில் முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர்வரை கொடுக்கும் கல்வி உதவிக்கு வருமான வரி இல்லை. அதனால் மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் முடிப்பவர்கள் அங்கே ஏராளம். கிளினிக்கல் கட்டம் வந்ததும் அவர்களும் முழுநேர வேலையைப் பகுதிநேரமாகக் குறைத்துக்கொள்வதே வழக்கம்.

இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்குக் கல்வி விடுப்பு உண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்திருந்தால் மொத்தம் 24 மாதம்வரை சம்பளத்தோடு படிக்கலாம்; திரும்பி வந்து மூன்றாண்டு பணியாற்ற ஒப்பந்தம் எழுத வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டு என்பதால் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. இந்தக் குடை தனியார் செவிலியருக்கும் ஒப்பந்தச் செவிலியருக்கும் இல்லை. 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டிஎம்எஸ்) வளாகத்தில் திரண்டு போராடிய ஒப்பந்தச் செவிலியர்களின் மாதத் தொகுப்பூதியம் அன்று 7,700 ரூபாய். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதை மதிக்காத நர்சிங் ஹோம்கள் இன்றும் ஊருக்கு ஊர் உள்ளன. அங்கே வேலை பார்ப்பவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் படிக்க முடியாது. இரட்டைச் சுமையைத் தவிர்க்கும் வழிகூட அவருக்கு இல்லை.

8. முடிபும் ஒரு வேண்டுகோளும்

முதல் உரிமத்துக்கான படிப்பை முழுநேர வேலையோடு சேர்த்துச் செய்வது இன்றைய இந்திய விதிகளின்கீழ் நேர்மையாக நடக்காது. நடக்கவும் கூடாது, நோயாளியின் பொருட்டு. பதிவுபெற்ற செவிலியரின் மேற்படிப்பை முழுநேரமாகவே வைத்திருப்பதற்கு அப்படியொரு காரணம் இல்லை. 1947ஆம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக வரும் 2023ஆம் ஆண்டின் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் புதிய விதிகளை எழுத இடம் தருகிறது. ஏ.என்.எம். முடித்தவருக்கு இணைப்புப் படிப்பு, பட்டயச் செவிலியருக்கு மூன்றாண்டுப் பகுதிநேரப் பட்டம், படிக்கும் செவிலியருக்குத் தொடர் நைட் டியூட்டி போடத் தடை ஆகிய மூன்றும் அந்த விதிகளில் முதலில் ஏற வேண்டும்.

விதி மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: கிளினிக்கல் போஸ்டிங் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமைகளில், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை. அந்தத் தாளை உங்கள் டியூட்டி பட்டியலோடு வைத்துப் பாருங்கள். கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். “நீங்கள் வரவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பதில் வந்தால் அங்கே ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.